முதல் "காணும்" கணக்கில் வராது

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், உங்களுக்கு மெத்தக் கஷ்டம் தந்த இங்கிலீஷ் சொல்லு எது?" உவர்நீர், நிலக்கீழ் நீர்மட்டம் என்பவற்றுக்கான மூச்சு முட்டுகிற ஏதாவது ஒன்றைச் சொல்வேன் என்று பேனையைத் திறந்துகொண்டு காத்திருப்பீர்கள். அதெல்லாம் அகராதியில் கிடக்கிறது, போய்ப் பாருங்கள். என்னைத் தலைகுப்புறத் தள்ளிவிட்ட சொல், போதும் என்கிற 'எனஃப்'. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். தெரிந்த சொல் என்பதால்தான் நான் குனிந்து பார்க்காமல் நடந்தேன்.

இருபத்தாறு வருஷம் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வன்னி முழுக்க மொழிபெயர்த்திருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் வரும், போகும். வாகனத்தின் நிறம் மாறும், நான் மட்டும் பின்சீற்றில் அதே இடத்தில் இருப்பேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குளத்துப் பாசனத்தில் காணி கிடைத்து வந்து வயல் செய்தவர். என்னை மட்டும் விடுதியில் விட்டு இங்கிலீஷ் படிப்பித்தார். அதனால் எனக்கு இங்கிலீஷ் என்றால் ஒரு திமிர். இதை மறைத்து என்ன பயன்? என்னோடு வேலை செய்த டிரைவர்மாரைக் கேட்டால் இன்னும் கூடச் சொல்லுவார்கள்.

இங்கிலீஷில் அளவு சொல்லுகிற சின்னச் சொற்கள் இருக்கின்றனவே, அவற்றின்மேல் எனக்கு இன்றைக்கும் ஆசைதான். 'சம்' ஒரு சோம்பேறிச் சொல். எவ்வளவு என்று தெரியாதவரும் சொல்லலாம், தெரிந்துகொண்டு மறைக்கிறவரும் சொல்லலாம். 'செவரல்' அப்படி அல்ல, கொஞ்சமாவது எண்ணிப் பார்த்தவருடைய சொல் அது. 'அ லிட்டில்' என்றால் கையில் மிஞ்சியதைப் பார்த்துச் சொல்கிறோம். வெறும் 'லிட்டில்' என்றால் போனதைப் பார்த்துச் சொல்கிறோம். வாளிக்குள் கிடக்கிற தண்ணீர் ஒன்றுதான். 'ப்ளென்டி' என்று சொல்லிப் பாருங்கள், வாய் தானாகச் சிரிக்கும். 'ஆம்பிள்' என்பது கழுத்துப்பட்டி கட்டிய ப்ளென்டி. 'அடிகுவேட்' சுத்தக் கந்தோர்ச் சொல், அலுவலகக் காகிதத்துக்கென்றே பிறந்தது. ஆள் செத்துப்போகாது என்பதற்குமேல் அது ஒன்றும் உறுதி தராது. 'ஹார்ட்லி எனி' என்றால் பானையைச் சரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற சொல். இத்தனை படிகளையும் கட்டி வைத்த மொழியை மதிக்காமல் எப்படி இருப்பது?

எங்களிடமும் குறைவில்லை. சொட்டு, துளி, கிள்ளு, சிறங்கை, கொஞ்சம், கனக்க, தாராளம் என்று நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் எங்களுடைய அளவுச் சொற்களுக்குள் மரியாதையும் கலந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்தும் விழுந்தேன் பாருங்கள், அதுதான் கதை.

அப்போது எங்கள் நிறுவனத்துக்குத் தண்ணீர் வேலைக்கென்று ஒரு பொறியியலாளர் வந்திருந்தா. குளிர்நாட்டுப் பெண், நல்ல உயரம், சிரிப்பு குறைவு, கேள்வி கூட. முள்ளியவளையில் ஒரு வீட்டில் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு தந்தார்கள். அவவுக்கு நான்தான் 'காணும்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தேன், போதும் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் என்று. சோறு போட வந்த அம்மாவிடம் பொறியியலாளர் வடிவாக "காணும்" என்றா. அம்மா பூரித்துப்போய் இன்னும் இரண்டு அகப்பை போட்டுவிட்டா. பொறியியலாளர் என்னைப் பார்த்து, "நான் பிழையாகச் சொன்னேனா?" என்று இங்கிலீஷில் கேட்டா.

"சரியாகத்தான் சொன்னீர்கள்," என்றேன் நான். "முதல் காணும் கணக்கில் வராது. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவதுக்கு யோசிப்பார்கள். மூன்றாந்தரம் இலையை மறைத்துக் கையை நீட்டிச் சொன்னால்தான் நம்புவார்கள்." அவ அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தா. எனக்குப் பெரிய பெருமை. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதேதான். மூன்று கிழமை போகவில்லை, அதே குழிக்குள் நானே விழுந்தேன்.

அந்த வருஷம் நல்ல வறட்சி. பூநகரிப் பக்கம் கிணறுகள் உப்புக் கட்டி, குடிதண்ணீர் பவுசர் என்ற தாங்கி லொறியில்தான் போய்க்கொண்டிருந்தது. மாரி மழை வரும்வரை எந்தக் கிராமத்துக்குக் கிழமைக்கு எத்தனை தரம் பவுசர் அனுப்புவது என்று தீர்மானிக்க, நானும் பொறியியலாளரும் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினோம். படிவத்தில் தாராளத்திலிருந்து ஒன்றுமில்லை வரை ஐந்து பெட்டி: ப்ளென்டி, எனஃப், சம், வெரி லிட்டில், நன். ஒரு பெட்டியில் சரி அடையாளம் போட வேண்டியது என் வேலை.

அன்றைக்கு அது மூன்றாவது ஊர். கடல்நீரேரியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு குடியேற்றம். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகள். பொதுநோக்கு மண்டபத்தில் எங்களுக்குக் கதிரை போட்டு, பெண்கள் பாயில் இருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் கேட்டேன்: "குடிக்க, புழங்கத் தண்ணி காணுமோ?"

"காணும், மிஸ்," என்றார் முன்வரிசையில் ஒருவர். "ஓம், காணும்," என்றார் இன்னொருவர். "ஏதோ சமாளிக்கிறம்," என்றது ஒரு குரல். பின்வரிசையில் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து, 'ஆல்' என்று எழுதாமல் 'மோஸ்ட்' என்று எழுதினேன். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தண்ணீர் போதும். எனஃப் பெட்டியில் ஒரு சரி. 'மோஸ்ட்' போட்ட என் நுணுக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன். தேத்தண்ணி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் டிரைவரும் குடித்தோம். "நீங்கள் குடிக்கேல்லையோ?" என்று கேட்டதற்கு, "நாங்கள் இப்பதான் மிஸ் குடிச்சனாங்கள்," என்றார்கள். அரை மணித்தியாலத்தில் வாகனத்தில் ஏறிவிட்டோம்.

அடுத்த கிழமையிலிருந்து அந்த ஊருக்கு மூன்று தரம் போன பவுசர் ஒரு தரமாகியது. தண்ணீர் காணாத ஊருக்கு அதைத் திருப்பிவிட்டார்கள். காகிதத்தின்படி பார்த்தால் நியாயம்தான்.

பத்து நாள் கழித்துக் காலையில் கந்தோர் திறக்கும்போதே பரமேஸ்வரி வாசலில் நின்றார். அந்த ஊர் மாதர் சங்கத்தின் செயலாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், புருஷனும் அவருமாக ஒரு துண்டு வயலும் கூலி வேலையும். வீட்டுக்குள் தாய்தகப்பனோடு மலையகத் தமிழ், வெளியில் வந்தால் அச்சொட்டான வன்னித் தமிழ். முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அதை விட்டால் அங்கிருந்து மத்தியானம்தான் அடுத்த பஸ்.

"மிஸ், பவுசர் கிழமைக்கு ஒருக்காத்தான் வருது. ஏன் எண்டு கேட்டால், நீங்கள்தானே காணும் எண்டு சொன்னனீங்கள் எண்டு டிரைவர் சொல்லுறார்."

"சொன்னனீங்கள்தானே, பரமேஸ்வரி?" என்றேன். குரலில் இருந்த திமிரை நினைத்தால் இப்போதும் எனக்கு என் வாயிலேயே போட வேண்டும்போல இருக்கிறது.

அவர் கோபிக்கவில்லை. "ஓம், சொன்னனாங்கள். நீங்கள் எங்கடை இடத்துக்கு வந்த ஆக்கள். வெய்யிலுக்குள்ளாலை வந்து கதிரையில இருந்த உடனை, எங்களிட்டை இல்லை எண்டு எப்பிடி மிஸ் சொல்லுறது? இன்னொருக்காக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். நீங்கள் பேனையை மூடிப்போட்டியள்."

எனக்கு முள்ளியவளைச் சோறு ஞாபகம் வந்தது. அட கடவுளே! வெள்ளைக்காரிக்கு வகுப்பெடுத்த எனக்கு இது தெரியாமல் போயிற்றே. உடனே இன்னொன்றும் உறைத்தது. "அண்டைக்கு எங்களுக்குத் தேத்தண்ணி போட்ட தண்ணி?" என்று கேட்டேன்.

"அதை விடுங்கோ, மிஸ்."

"இல்லை, சொல்லுங்கோ."

"ஆறு வீட்டில ஒவ்வொரு செம்பு சேத்தனாங்கள்."

வெட்கத்தில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்ததும் தன் பையிலிருந்து ஒரு கிளினிக் அட்டையை எடுத்து நீட்டினார். "எங்கடை இவருக்குக் கல்லடைப்பு. போன மாதம் துடிச்சுப்போனார். டொக்டர் இதில என்ன எழுதிக்கிடக்கு எண்டு ஒருக்கா வாசியுங்கோ மிஸ்."

வாசித்தேன். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதி, 'ப்ளென்டி' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தது. அந்தச் சொல்லை அன்றைக்கு வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவர் செம்பைத் தொடுறாரில்லை மிஸ். பிள்ளையளுக்கு வை, அவைக்கு வை எண்டு தள்ளுறார். திரும்பக் கல்லு வந்தால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுறதுக்கு எங்களிட்டை வாகனமும் இல்லை. எனக்குப் பயமாய்க் கிடக்கு." இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் உடைந்தது. உடனே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, காணும் எண்டதுக்கு இங்கிலீஷில என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டார்.

"எனஃப்."

"அதுக்குக் கீழை என்ன சொல்லுகள் கிடக்கு?"

நான் ஒவ்வொன்றாகச் சொல்லி, தமிழில் விளக்கினேன். மட்டுமட்டாகக் காணும் என்கிற பேர்லி எனஃப், சம், அ லிட்டில், வெரி லிட்டில், ஹார்ட்லி எனி. என் திமிர் போக இடம் தெரியாமல் இதிலும் கொஞ்சம் தலைகாட்டியது. 'டெஸ்பரேட்' என்று போட்டால் உடனே கவனிப்பார்கள் என்று ஆலோசனை வேறு சொன்னேன்.

"அது என்ன மிஸ்?"

"வேறு வழியே இல்லாமல் தவிக்கிறது."

"வேண்டாம். கெஞ்சுற சொல்லு வேண்டாம். கிடக்கிறதைச் சொல்லுற சொல்லாத் தாங்கோ. ஆத்தில போட்டாலும் அளந்து போடு எண்டுவினம், நீங்கள் அளக்காமல் எழுதிப்போட்டியள், இப்ப நான் அளக்காமல் அழக்கூடாது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "காணும் எண்டால் எதுக்கு மிஸ் காணும்? குடிக்கவோ, சமைக்கவோ, குளிக்கவோ? உந்தப் படிவத்தில அது இல்லையே."

பிள்ளைகளே, நான் எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் இருந்தவள். கொழும்பில் குளிர் அறையில் மூன்று நாள் படிவம் நிரப்பப் பழக்கினார்கள். சாதாரணதரப் பரீட்சை வரை படித்த ஒரு பெண் கேட்ட இந்தக் கேள்வியை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று தரம் பவுசர் வந்தபோது: குடிக்க எனஃப். சமைக்க பேர்லி எனஃப். குளிக்க வெரி லிட்டில், மூன்று நாளைக்கு ஒருக்கா. ஒரு தரமாக்கிய பிறகு: நாலாம் நாள் வரை குடிக்க அ லிட்டில், ஐந்தாம் நாளிலிருந்து ஹார்ட்லி எனி. ஒவ்வொரு சொல்லையும் எழுதுமுன் அதன் கருத்தைத் திரும்பக் கேட்டார். இரண்டு இடத்தில், "இல்லை மிஸ், அவ்வளவு மோசமில்லை, ஒரு படி கூட்டுங்கோ," என்றார். தன் வீட்டில் அந்த நிலைமையை வைத்துக்கொண்டு ஒரு படி கூட்டச் சொன்ன மனுஷி. நான் எழுதியதை வெட்டிவிட்டு ஒரு படி கூட்டி எழுதினேன்.

அன்று பின்னேரமே பிரதேச செயலகத்தில் பவுசர் ஒதுக்கீட்டுக் கூட்டம். பரமேஸ்வரி ஊருக்குத் திரும்புகிற மத்தியான பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடும் பொறியியலாளரோடும் வந்து கதவோரக் கதிரையில் இருந்தார். போகும் வழியில் நான் ஒரு வசனத்தைத் தயார்பண்ணி வைத்திருந்தேன்: எங்கள் மதிப்பீட்டுக்குப் பிறகு நிலைமை மோசமாகிவிட்டது. இங்கிலீஷில் அது இன்னும் வடிவாக இருந்தது. ஒருவர் மீதும் பழி விழாது, ஊருக்குத் தண்ணீரும் கிடைக்கும், என் பெயரும் தப்பும். கொஞ்சம் பொய், ஆனால் யாருக்கு நட்டம்?

கூட்டத்தை நடத்திய அதிகாரி கெட்டவர் அல்ல. இருக்கிற பவுசர் கொஞ்சம், கேட்கிற ஊர் கனக்க, மனுஷனுக்குத் தலையிடி. எங்கள் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஊர் காணும் எண்டு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப வந்து காணாதாம். நாளுக்கொரு கதை கதைச்சால் நாங்கள் என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் காணும் எண்டு சொன்னனீங்களோ இல்லையோ?" என்று கேட்டார்.

பரமேஸ்வரி எழும்பி நின்றார். மிஸ் ஒருதரம்தான் கேட்டவ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். "சொன்னனாங்கள், ஐயா," என்றார், அவ்வளவுதான்.

பொறியியலாளர் மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தா. நான் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என் வடிவான வசனத்தையும் சேர்த்துவிட்டேன். அதிகாரிக்கு இங்கிலீஷ் விளங்கும். "அப்ப சரி," என்றார் உடனே, "நிலைமை மாறியிருந்தால் புதுசா ஒருக்கா மதிப்பீடு செய்து தாங்கோ. இரண்டு கிழமையில பாப்பம்."

இரண்டு கிழமை. பரமேஸ்வரியின் கை அந்தக் கிளினிக் அட்டை இருந்த பையை இறுக்கிப் பிடித்ததைக் கண்டேன். அதிகாரி அடுத்த ஊரின் காகிதத்தை எடுத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் சொந்தக் கதை கதைக்கக்கூடாது என்று உங்களுக்கும் படிப்பித்திருப்பார்கள். எனக்கும் படிப்பித்தார்கள். ஆனால் அந்தச் சபையில் கிடந்த பொய் வேறு ஒருவருடையதும் அல்ல.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ," என்று எழும்பினேன். "நான் இப்ப சொன்னது பொய். நிலைமை தானாய் மாறேல்லை, பவுசரைக் குறைச்சதாலைதான் மோசமாச்சு. அண்டைக்கும் அங்க எல்லாத்துக்கும் தண்ணி காணாது. அவை மரியாதைக்குச் சொன்ன சொல்லை நான் அளவு எண்டு எழுதிப்போட்டன். இன்னொருக்காக் கேட்டிருக்க வேணும், கேக்கேல்லை. பிழை அவையிலை இல்லை, என்னிலை." பிறகு பொறியியலாளர் பக்கம் திரும்பி அதையே இங்கிலீஷில் ஒன்று விடாமல் சொன்னேன். படிவத்தின் பின்பக்கத்தை அவவிடம் கொடுத்தேன்.

பொறியியலாளர் பரமேஸ்வரி சொல்லி நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தா. வாசித்து முடிய, சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டா: "இப்படி ஒருதரம் மட்டும் கேட்டு நிரப்பிய படிவங்கள் வேறு எத்தனை?"

எனக்கு 'சம்' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. சோம்பேறிக்கு உதவுகிற சொல். விழுங்கிவிட்டேன்.

"மோஸ்ட்," என்றேன்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவ குறிப்புப் புத்தகத்தை மூடி, "அப்படியானால் எல்லா ஊருக்கும் திரும்பப் போவோம்," என்றா. "இந்தமுறை இந்தப் பெண்ணின் கேள்வியோடு." அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனையை எடுத்து அந்த ஊருக்குப் பழையபடி மூன்று தரம் என்று எழுதி, "நாளைக்கு முதல் லோட் அங்கை போகட்டும்," என்றார். பரமேஸ்வரிக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அவருக்குத் திரும்பிப் போகப் பஸ் இல்லை. எங்கள் வாகனத்திலேயே கொண்டுபோய் விட்டோம். வழி நெடுக நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில், "அங்கை சபையில என்னைக் காட்டிக்குடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சொன்னது நாங்கள்தானே, மிஸ். சொன்னதைச் சொல்லேல்லை எண்டு சொல்லுறதோ?" என்றார்.

பிறகு நாங்கள் ஊர் ஊராகத் திரும்பப் போனோம். குடிக்க, சமைக்க, குளிக்க என்று பிரித்துக் கேட்டோம். ஒவ்வொன்றையும் மூன்று தரம் கேட்டோம். பூநகரிப் பக்கம் வேறொரு கிராமத்தில், "ஏன் மிஸ் கேட்டதையே கேக்கிறியள், காது கேளாதோ?" என்று ஒரு கிழவர் பகிடி பண்ணினார். பண்ணட்டும் என்று நானும் சிரித்தேன். எங்கள் பழைய காகிதத்தில் எனஃப் என்று கிடந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒவ்வொரு ஊரிலும் எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. உங்களுக்கும் அப்படி விழும், விழுந்தால் ஒளிக்காதேயுங்கள்.

பரமேஸ்வரியின் ஊருக்குக் கடைசியாகப் போனோம். அதே மண்டபம், அதே பாய். வாசலில் அவருடைய புருஷன் நின்றார், மெலிந்த மனுஷன், கையில் ஒரு போத்தல் தண்ணீர். "இவா பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பருக்கிற மாதிரித் தண்ணி குடிப்பிச்சுக் கொல்லுறா, மிஸ்," என்று முறைப்பாடு செய்தார். எனக்கு அந்த முறைப்பாடு தேனாக இனித்தது.

கதிரையில் இருந்தேன். மூன்று தரம் கேட்கிற ஆயத்தத்தோடு பேனையை மடியில் வைத்துவிட்டு, முதல் தரம் கேட்டேன்: "பரமேஸ்வரி, இப்ப தண்ணி காணுமோ?"

"காணாது, மிஸ்," என்றார் அவர்.

பின்வரிசையில் யாரோ "ஏய்" என்று அதட்டினார்கள், வந்த ஆளிடம் அப்படிச் சொல்கிறாளே என்று. பரமேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. "குடிக்கக் காணும், சமைக்கக் காணும். குளிக்கக் காணாது. இந்த மிஸ்ஸுக்கு உள்ளதைச் சொல்லலாம்," என்றார்.

நான் அழுதுவிட்டேன். பொறியியலாளர் பதறிப்போய் என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தா. இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒருதரம், என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.